ஒன்பதாவது வரிசை, பதினோராம் குழி

பைன் காட்டைப் பற்றி நான் முதலில் எழுதியது பொய். தெரிந்து எழுதிய பொய் இல்லை; அழகில் சொக்கிப்போய் எழுதியது. தெரிந்து சொல்லும் பொய்க்காவது ஒரு கூச்சம் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. சிற்றிதழ் ஒன்றின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் பதினாலு வரி. அதில் மூன்று வரி இன்னும் மனப்பாடமாக இருக்கிறது:

"இந்தக் காட்டுக்குப் பழசு கிடையாது. இங்கே சாமி இல்லை, பேய் இல்லை, புதைத்த எலும்பு இல்லை. காற்று மட்டும் ஊசிகளில் நூல் கோர்த்துக்கொண்டிருக்கிறது."

அச்சில் பார்த்த அன்று சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, வைகைப் பாலத்தின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மூன்று தடவை நடந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. எனக்கு இருப்பதுபோல் தோன்றியது. இருபத்துமூன்று வயது.

இப்போது தலை நரைத்துவிட்டது. அந்த மூன்று 'இல்லை'யில் மூன்றாவதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். இதழ் நின்றுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. திருத்தம் போட ஆள் இல்லை.

*

பைன் எனக்கு முதலில் வாசனையாகத்தான் வந்தது. கப்பலூரில், நெடுஞ்சாலை ஓரத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பெட்டி அடிக்கிற பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பி.யூ.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவன். பழப்பெட்டி, மிஷின் சாமான் அனுப்புகிற பெட்டி, கண்ணாடி அனுப்புகிற பெட்டி எல்லாம் அங்கேதான் ஆணி வாங்கின. மத்தியானம் மலையிலிருந்து லாரி வரும். தார்ப்பாயை விலக்கியதும் அந்த வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத வாசனை ஒன்று எழும். எலுமிச்சையும் கற்பூரமும் ஈரமும் கலந்து, யாரோ தூரத்தில் தலைக்குக் குளித்துவிட்டு வருவது மாதிரி. பலகையின் கணுக்களில் பிசின் துளி துளியாய் நிற்கும். வெட்டி ஒரு மாதம் ஆகியும் மரம் கசிந்துகொண்டே இருக்கும். எனக்கு அது வியப்பு. மற்றவர்களுக்கு அது ரம்பப் பல்லைக் கெடுக்கிற சனியன்.

"மாப்ள, அங்க பாரு, பலகைய மோந்து பாக்குறான்யா. பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட இப்பிடி எவனும் மோந்திருக்க மாட்டான்."

"விடுண்ணே. அவனுக்கு எழுத வரும். எழுதுறவனுக்கு மூக்கு கொஞ்சம் நீளந்தான்."

எழுத வரும் என்பதுதான் என்னை மலைக்கு அனுப்பியது. மலையில் பைன் நட்டுப் பத்து வருஷம் ஆன ஒரு பகுதியில், நெருங்கி நிற்கிற மரங்களில் சிலதை வெட்டி மற்றதற்கு இடம் விட முடிவு செய்திருந்தார்கள். 'தின்னிங்' என்பார்கள். வெட்டி எடுக்கிற உரிமை எங்கள் முதலாளிக்குக் கிடைத்திருந்தது. வெட்ட வேண்டிய மரத்தை வனத்துறை ஆள் காட்டுவார். காட்டிய மரத்தில் பெயிண்டால் நம்பர் எழுத முதலாளி தரப்பில் ஓர் ஆள் வேண்டும். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும். என்னுடையது நன்றாக இருக்கும். ஏழு எழுதினால் அதன் நடுவில் குறுக்காக ஒரு கோடு போடுவேன், ஒன்று மாதிரித் தெரிந்துவிடக்கூடாது என்று. ஹாஸ்டலில் ஒரு வாத்தியாரைப் பார்த்துப் பழகியது. அம்மா அதைப் பார்த்து எப்போதும் சிரிப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் மட்டும் பஸ் ஏறிப் பழகித் தெரியும்.

"ஏன்யா, ஏழுக்கு மட்டும் அரைஞாண் கட்டிவிடுற? மத்ததெல்லாம் அம்மணமா நிக்கிதே."

அந்த மரங்கள் பலகையாகி வந்த பிறகு, பட்டறையில் மிஞ்சியதில் அம்மாவுக்கு ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தேன். சேலை வைக்க. அவள் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். நிமிர்ந்தபோது, "இந்த வாசம் எனக்குத் தெரியும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காட்டை நட்ட கைகளில் அவள் கையும் ஒன்று.

*

எங்களுக்கு ஊர் எழுமலைப் பக்கம். நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் மழை பெய்தால் எங்களுக்கு வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்துப்போன ஒரு வருஷம், மேஸ்திரி ஒருவர் வந்து மலையில் செடி நடுகிற வேலைக்கு ஆள் எடுத்தார். அப்பாவும் அம்மாவும் போனார்கள். ஒன்றரை வயதுத் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை உசிலம்பட்டியில் சர்க்கார் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் அப்பா ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். உடம்பெல்லாம் செம்மண்ணும் இல்லாத கரிசலும் இல்லாத ஒரு கறுப்பு மண் அப்பியிருந்தது. "பாப்பா இல்லப்பா" என்றார். எதிர்க்கடையில் ஒரு பன் வாங்கிக் கையில் கொடுத்தார். "வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். எங்களில் பச்சைப்பிள்ளை செத்தால் எரிப்பதில்லை, புதைப்பார்கள். கல் வைப்பதில்லை, வருஷம் கும்பிடுவதில்லை, பேரை எடுப்பதும் இல்லை. எடுத்தால் அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். அப்பா அதில் கண்டிப்பானவர். அடுத்த பிள்ளை பிறக்கவே இல்லை. அப்போதும் பேர் எடுக்கவில்லை. புதைத்தது எங்கே என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை என்பதுதான் சரி. மதுரைக்குக் குடிவந்து, சிம்மக்கல்லில் ஒற்றை அறையில் மூவரும் ஒண்டியபோது, எங்களுக்குள் நாலாவதாக ஒருத்தி இருந்தாள் என்பதே எனக்கு மறந்திருந்தது.

*

முதல் தடவை காட்டுக்குள் போனதை இன்றும் கசக்காமல் நினைக்க முடியவில்லை. கசப்பதற்குக் காரணம், அன்றைக்கு அது அவ்வளவு தித்தித்ததுதான்.

நான் சமவெளிக்காரன். மரம் என்றால் எனக்குத் தனித்தனியாக நிற்பது. கண்மாய்க்கரைப் புளி, சுடலையில் ஒரு வேம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோணல், ஒரு அடையாளம், ஒரு வம்பு. இங்கே நேராக, நேராக, நேராக. கயிறு பிடித்த மாதிரி வரிசை. எந்த மூலையில் நின்று பார்த்தாலும் ஒரு சந்து திறந்து, அதன் கடைசியில் பனி வெள்ளையாய் நின்றுகொண்டிருக்கும். தரையில் உதிர்ந்த ஊசி அரை முழத்துக்கு மெத்தை. நடந்தால் செருப்பு சத்தமே போடாது. சாய்வில் கால் வைத்தால் எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். காற்று மேலே மட்டும் போகும். கீழே நிற்கிற நமக்கு அது, எங்கோ ஆறு ஓடுகிற சத்தமாய்க் கேட்கும். ஆறு வற்றிய ஊர்க்காரனுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டுமா? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வனத்துறை கார்டு ஒருவர் என்னோடு வருவார். நடுவயது, குரங்குக் குல்லா, எப்போதும் ஒரு கிராம்பு வாயில். அவர்தான் எனக்குக் காட்டின் கதையைச் சொன்னார்.

"தம்பி, இது காடே இல்ல. எம் மகன விட ரெண்டு வயசுதான் மூப்பு. அதுக்கு முன்னாடி இங்க எல்லாம் புல்லு. மாட்டு முதுகு மாதிரி வழுவழுன்னு மலை. ரெண்டு மலை சேர்ற மடிப்புல மட்டும் சோலை. புல்லு சும்மா கெடக்குதுன்னு எவனுக்கோ தோணிருச்சு. வெதை கப்பல்ல வந்துச்சு."

"எடுத்த எடுப்புலயே பிடிச்சிருச்சா சார்?"

"எங்க! மொதத் தடவ வச்சதெல்லாம் மஞ்சளாப் போய்ச் செத்துச்சு. தண்ணி ஊத்துனாக, எரு போட்டாக. ம்ஹும். அப்பறந்தான் தெரிஞ்சது, அதுக்கு அதோட சொந்த மண்ணு வேணும். டவுன் பக்கத்துல வெள்ளைக்காரன் காலத்துல வச்ச பழைய பைனு இருக்குல்ல, உங்க மதுரைக்காரங்க கூலிங்கிளாஸ் போட்டு போட்டோ எடுப்பாங்களே, அங்க இருந்து மண்ண வெட்டிச் சாக்குல கட்டி, பொம்பளையாளுக தலையில சொமந்துட்டு வருவாங்க. ஒரு செடிக்கு ஒரு பிடி. போட்டதும் பாரு, கெட்டியாப் பிடிச்சிருச்சு. உறைமண்ணுன்னு பேரே வச்சுட்டாங்க, அந்தப் பொம்பளைக."

பாலுக்கு ஒரு கரண்டி உறைமோர் மாதிரி, ஒரு மலைக்கு ஒரு பிடி மண். அந்தத் தலைச்சுமையில் ஒன்று என் அம்மாவுடையது என்று சொன்னேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "அப்ப இது ஒங்க காடு தம்பி" என்றார். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மரத்தையும் பெரிய மனிதன் மாதிரித் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அவர் சொன்ன மற்றதெல்லாம் என் காதில் சரியாக ஏறவில்லை. பைனுக்குக் கீழே புல் முளைக்காது என்றார். பைன் குஞ்சுகூட பைனுக்குக் கீழே முளைக்காது என்றார். பறவை வராது, வந்தாலும் தங்காது. ஒரு பள்ளத்தைக் காட்டி, "இங்க ஒரு சுனை இருந்துச்சு, கோடையிலயும் கெடந்துச்சு. பைனு குடிச்சிருச்சு" என்றார். அந்தச் சுனையின் தண்ணீர் எங்கேயோ கீழே இறங்கி, எங்கள் மாதிரி ஆட்களின் ஊர்ப்பக்கம்தான் போயிருக்கும். நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது, மழை விட்ட பிறகு ஊசி மெத்தையைத் தள்ளிக்கொண்டு எழுந்த ஒரு சிவப்புக் காளானை.

*

மரத்தில் குறி போடுவது இப்படி. வனத்துறை பாரஸ்டர் முன்னால் போவார். கையிலிருக்கிற குச்சியால் மரத்தைத் தட்டி 'ம்' என்பார். கார்டு கோடரியால் இரண்டு இடத்தில் பட்டையைச் செதுக்குவார்: நெஞ்சு உயரத்தில் ஒன்று, தரையை ஒட்டி ஒன்று. கீழ்ச்செதுக்கில் முத்திரைச் சுத்தியலால் ஓர் அடி. நான் இரண்டிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரே நம்பர் எழுத வேண்டும். மேல் நம்பர் மரத்தோடு போய்விடும். கீழ் நம்பர் அடிக்கட்டையில் நிற்கும், இது அனுமதி வாங்கி வெட்டியது என்று சாட்சி சொல்ல.

எது போக வேண்டும் என்பதற்கு விதி உண்டு. பாரஸ்டர் முதல் நாளே பாடம் நடத்திவிட்டார். வளைந்தது போகும். உச்சி முறிந்தது போகும். கவை விட்டது போகும். ஒரே அடியிலிருந்து இரட்டையாக எழுந்தது கட்டாயம் போகும். நேர்ப்பலகை வராது, பக்கத்து மரத்தின் சாப்பாட்டையும் தின்னும். மூன்று நாளில் எனக்கே கண் பழகிவிட்டது. பாரஸ்டர் குச்சி நீட்டுவதற்கு முன்னால் நான் பிரஷ்ஷை நனைத்திருப்பேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பாரஸ்டர் ஜீப்புக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுது. கார்டும் நானும் மட்டும். யானை படுத்திருக்கிற மாதிரி ஒரு பாறை, அதற்குக் கீழே சரிவு. அதில் ஒரு இரட்டை. நான் பார்த்ததிலேயே அழகான இரட்டை. ஒட்டிப் பிறந்து, முழங்கால் உயரத்துக்கு ஒன்றாக வந்து, அப்புறம் பிரிந்து, ஒரு கையகல இடைவெளி விட்டு மேலே வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் போயிருந்தது. ஒன்று கொஞ்சம் பருமன், ஒன்று ஒல்லி. காற்றில் இரண்டும் உரசி, ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஒரு முனகல்.

கார்டு கோடரியைத் தோளிலிருந்து இறக்கவில்லை. "பாவம், ரெட்டப்புள்ள. பேசிக்கிட்டு நிக்கிதுக. இத ஒண்ண விட்டுருவமா தம்பி?" என்றார்.

"ரூல்னா ரூல்தான சார்" என்றேன்.

"நீ என்னய்யா பாரஸ்டருக்கு மேல இருக்க?"

"பாரஸ்டர் ஐயா திரும்பி வந்து கேட்டா நான்ல பதில் சொல்லணும்?"

அவர் கிராம்பைத் துப்பிவிட்டுச் செதுக்கினார். நான் எழுதினேன். இருநூற்றுப் பதினேழு. மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏழுக்கு நடுவில் கோடு போட்டேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று எழுத்து நேராக வந்திருக்கிறதா என்று பார்த்தது நினைவிருக்கிறது. நேராகத்தான் வந்திருந்தது.

அந்த வாரம்தான் லாட்ஜில் உட்கார்ந்து அந்தப் பதினாலு வரியை எழுதினேன்.

*

மூன்று வருஷம் கழித்து அப்பா செத்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா பைன் பெட்டியைத் திறந்து சேலையை மடித்து வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"ஒங்கப்பா இருந்த வரைக்கும் பேசவிடல. இனிமே கேக்க ஆளில்ல. பாப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வரணும்யா."

எனக்குப் புரிய நேரமாயிற்று.

அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகையில் பத்துக் குடும்பம். மூன்று நாள் விடாத சாரல். பிள்ளைக்கு இழுப்பு. கீழே கொண்டுபோகலாம் என்றால் ரோடு மண்சரிந்து லாரி வரவில்லை. விடிகிறபோது பிள்ளை குளிர்ந்திருந்தது. கொட்டகைக் குளிரென்றுதான் நினைத்தாளாம், சேலையை இன்னொரு சுற்றுச் சுற்றினாளாம். எங்கே புதைப்பது என்று கேட்டபோது மேஸ்திரி சுற்றிலும் கையைக் காட்டியிருக்கிறார்: குழியெல்லாம் வெட்டித்தானே கிடக்கிறது. அன்றைக்கு நட வேண்டிய குழிகளில் ஒன்றை அப்பா ஆழப்படுத்தினார். ஊரில் சுடுகாட்டுக்குப் போகவே எங்களுக்குத் தனிப்பாதை. இந்த ஒரு குழிக்கு மட்டும், எந்தத் தெருப் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. அந்த மலை எங்களுக்குக் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான்.

"துணி கட்டுன கயித்தப் பிடிச்சுத்தான குழி போடுவோம். யான பாறையில இருந்து கீழ ஒம்பதாவது வரிசை. ஓடைப் பக்கம் இருந்து எண்ணுனா பதினோராவது குழி. அம்புட்டையும் நெஞ்சுல எழுதி வச்சிருக்கேன். ஆனா நம்பருல எனக்கு நம்பிக்கை இல்லய்யா. எல்லாச் செடியும் ஒண்ணு போல வளந்துட்டா? அதான் அந்தக் குழியில மட்டும் ரெண்டு செடி வச்சேன். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு தொணைக்கு. உறைமண்ணும் ரெண்டு பிடி. வாச்சர் கத்துனாரு, ஒரு குழிக்கு ஒரு செடிதான்னு. பிடுங்குனா நானும் இந்தக் குழியிலயே படுத்துக்கிருவேன்னேன். போய்ட்டாரு. அந்த மலையிலயே ரெட்டையா நிக்கிறது அது ஒண்ணுதான் இருக்கும். எந்தக் கோடியில இருந்து பாத்தாலும் தெரியும்."

காட்டில் தொலைந்துவிடக்கூடாது என்று அவள் வைத்த அடையாளம், முதலில் வெட்டு என்று காடு படித்தவர்கள் எழுதி வைத்த அடையாளம்.

நான் சுவரில் சாய்ந்திருந்தேன். சுவர் பின்னால் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. இரட்டைகள் ஐந்தாறு எழுதியிருப்பேன். எல்லாம் அதுவாக இருக்க வேண்டியதில்லை என்று ஒரு கணக்குப் போட்டேன். யானைப் பாறை வேறாகவும் இருக்கலாம் என்று இன்னொரு கணக்கு. கணக்கில் என்றைக்குமே கோட்டை விட்டவன்தானே.

"இப்ப அங்க போறது ரொம்ப கஷ்டம்மா. பாதையெல்லாம் மாறிப்போச்சு."

"நீதான் போய் வந்தவனாச்சே. ஒனக்கா பாதை தெரியாது?"

*

பஸ்ஸில் எங்களைத் தவிர எல்லாரும் சுற்றுலா. மதுரை வெயிலிலேயே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஆளாளுக்கு எலுமிச்சம்பழம் மோந்தார்கள். அம்மா ஜன்னல் ஓரத்தில், மடியில் ஒரு தூக்குவாளியோடு. உள்ளே காய்ச்சாத பால். சிந்தாமல் இருக்க, அறுபது மைலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"என்னம்மா, தூக்குல சோறா? மேல ஹோட்டல்லாம் இருக்கும்மா" என்றார் கண்டக்டர்.

"எம் மகளுக்குப் பாலு" என்றாள் அம்மா.

"மகள மலையில கட்டிக் குடுத்திருக்கீகளா?"

"ஆமாய்யா. சின்னதுலயே."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டுக்குப் போனார். நான் டிக்கெட்டை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.

டவுனிலிருந்து இன்னொரு பஸ், அப்புறம் நடை. காட்டுக்குள் நுழைந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். நட்டபோது அவள் முட்டிக்குக் கீழே நின்ற செடிகள். "அடேயப்பா, எம்புட்டு உசரம்" என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது. நட்டவளுக்கு இருக்கத்தானே செய்யும். எனக்குப் பழைய தித்திப்பு ஒரு துளியும் இல்லை. அதே பனி, அதே ஆற்றுச் சத்தம். ஆனால் அந்தச் சத்தம் இப்போது குடிக்கிற சத்தமாய்க் கேட்டது. இத்தனை ஆயிரம் வேரும் கீழே வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிற சத்தம். வெட்டிய இடங்களில் வெயில் விழுந்திருந்தது. அங்கேயும் புல் வரவில்லை.

யானைப் பாறை ஒன்றுதான் இருந்தது.

அதே பாறை. நான் பெயிண்ட் டப்பாவை வைத்து மூடி திறந்த இடம்கூட இருந்தது, ஒரு சிவப்பு வளையமாக. அம்மா அங்கிருந்து இறங்க ஆரம்பித்தாள். நான் எண்ணுவதாகச் சொல்லி முன்னால் போனேன். வேண்டுமென்றே மரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, வரிசை தப்பி எங்கேயோ ஒரு முழு மரத்தின் முன்னால் நிறுத்திவிடலாம் என்று ஒரு நினைப்பு. ஒற்றை மரம்தான், இன்னொன்று சின்னதிலேயே பட்டுப்போயிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

"அங்க எங்க போற? கட்டைய விட்டுட்டு எண்ணுறியே. வெட்டுனதையும் சேத்து எண்ணுய்யா. குழி குழிதான?"

அவளே எண்ணினாள். ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு கட்டையையும் கையால் தொட்டு. ஒன்பதாவது வரிசையில் ஓடைக் கரையிலிருந்து திரும்பினாள். ஓடையில் தண்ணீர் இல்லை. எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்று ஒரு கட்டை. தரையிலிருந்து ஒரு சாண் உயரம். இரண்டு வட்டம் ஒட்டி, எட்டைப் படுக்கப் போட்ட மாதிரி. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று சின்னது. வெட்டுவாயில் பிசின் வழிந்து, வெள்ளையாய் உறைந்து, மெழுகுவர்த்தி அணைந்த இடம் மாதிரி இருந்தது.

அம்மா அழவில்லை. நான் அதற்குத்தான் தயாராக இருந்தேன், ஒப்பாரிக்கு, மண்ணை வாரி இறைப்பதற்கு. அவள் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டையின் மேல் கிடந்த ஊசிகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எறிந்தாள், தலையில் பேன் பார்க்கிற மாதிரி.

"யாருய்யா வெட்டுனது?"

"டிபார்ட்மெண்டு ஆளுகம்மா. எல்லாத்தையும் இப்பிடித்தான் வெட்டுவாக."

என் குரல் நன்றாகத்தான் இருந்தது. எழுத்து மாதிரியே நேராக வந்தது.

அவள் பக்கவாட்டில் ஊசியை ஒதுக்கினாள். கீழ்ச்செதுக்கு தெரிந்தது. பாசி படிந்திருந்தது, முந்தானையால் துடைத்தாள். முத்திரை. அதற்குக் கீழே இரண்டு, ஒன்று, ஏழு. மூன்று மழைக்குப் பிறகும் சிவப்பு போகவில்லை. அவள் ஆள்காட்டி விரல் இரண்டின் மேல் போயிற்று. ஒன்றின் மேல் போயிற்று. ஏழின் இடுப்பில் அந்தக் குறுக்குக் கோட்டில் வந்து நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

"ம்" என்றாள்.

தூக்குவாளியைத் திறந்து பாலை ஊற்றினாள். பிசின் கட்டியிருந்ததால் கட்டை குடிக்கவில்லை. பால் இரண்டு வட்டத்தின் மேலும் ஓடி, விளிம்பில் தயங்கி, நம்பரின் மேல் வழிந்து தரைக்குப் போயிற்று. ஊசி மெத்தை அதைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தாள். ஒன்றரை வயதுக் கைக்கு ஆகிற கண்ணாடி வளையல் நாலு. இருந்தால் இப்போது பதினாலு வயது. இரண்டு வட்டத்திலும் இரண்டிரண்டாக வைத்தாள். துணைக்கு வைத்த செடிக்கும் பங்கு.

எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. "கொஞ்சம் மண்ணு எடுத்துக்கவாம்மா? வீட்டுக்கு?" என்றேன்.

"எதுக்கு? கீழ கொண்டுபோனா ஒண்ணும் பிடிக்காது." எழுந்து முந்தானையை உதறினாள். "வா, பஸ்ஸ விட்டுருவோம்."

திரும்பி வருகிற வழியில் காலி வாளியையும் இரண்டு கையால்தான் பிடித்திருந்தாள்.

*

மறுநாள் எழுமலையிலிருந்து சின்னம்மா வந்திருந்தாள், அம்மாவின் தங்கை. நாங்கள் போனது அவளுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக, "பாத்தியாக்கா? நிக்கிதா?" என்றாள்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நிக்காம? ரெட்டையா நிக்கிது. அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கிது. காத்து அடிச்சா ரெண்டும் உரசி என்னமோ பேசுதுக. நம்பலேன்னா இவனக் கேளு. இவனுந்தான பாத்தான்."

சின்னம்மா என் பக்கம் திரும்பினாள். அம்மா திரும்பவில்லை. உரசி முனகுகிற சத்தத்தைப் பற்றி அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவள் நட்டபோது அது சாண் உயரச் செடி. நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஆமா சின்னம்மா. நல்ல உசரம்" என்றேன்.

முறத்திலிருந்து உமி பறந்தது.

அதற்குப் பிறகு கப்பலூருக்கு ஒரு மாதம்கூடப் போகவில்லை. வேறு வேலை, வேறு ஊர், திரும்பவும் மதுரை. ஏழுக்குக் கோடு போடுவதை விட்டுவிட்டேன். அம்மாவும் அதைப் பற்றிக் கேலி பேசுவதை விட்டுவிட்டாள். பைன் பெட்டி இன்னும் இருக்கிறது. அது எந்த மரம் என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. மூடியைத் திறந்தால் இப்போது வாசனை இல்லை.

வருகிற சொந்தத்துக்கெல்லாம் அம்மா அந்த மரத்தைச் சொல்வாள். வருஷத்துக்கு வருஷம் அது வளர்ந்துகொண்டிருக்கிறது. என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று சில வருஷம் நினைத்தேன். தண்டனை என்று சில வருஷம் நினைத்தேன். ஊரார் முன்னால் சொல்கிறவரை, மானத்துக்குச் சொல்கிறாள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. கேட்க மூன்றாவது ஆள் இல்லை. கண்ணை மூடியபடியே கேட்டாள்:

"இப்ப எம்புட்டு வளந்திருக்கும்யா?"

கஞ்சியை எடுத்து இன்னொரு தடவை ஆற்றினேன். அவள் காத்திருந்தாள்.

"இந்த மாடி வீட்டுக்கு மேல ரெண்டு பங்கு இருக்கும்மா."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தாம்மா."